நட்டுவனார் இல்லாத மேடை: கர்நாடக இசையும் சமகால நடனமும் நேரில் இணைவதற்கு ஒரு வழிகாட்டி

பரதநாட்டிய மேடையில் ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் நடுவே நட்டுவனார் இருக்கிறார். கையில் தாளம், வாயில் சொற்கட்டு என்ற தாளச் சொற்கள், கண் ஆடுபவரின் பாதத்தில், காது பாடகரின் குரலில் என்று அவர் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருப்பதால்தான் சொற்கட்டுக்கு ஆடும் ஜதி முடிகிற இடத்தில் பல்லவி தடங்கலின்றித் தொடங்குகிறது. ஒரு வரியை அபிநயத்தில் விரித்துக் காட்டும் சஞ்சாரியை ஆடுபவர் நீட்டினால், அந்த வரியை இன்னொரு முறை பாடும்படி பாடகருக்குக் குறிப்புப் போகிறது. சமகால நடனத்தில் இந்த இருக்கை காலியாக இருக்கிறது. ஆகவே கர்நாடக இசைக்கலைஞர்களும் சமகால நடனக் கலைஞர்களும் சேர்ந்து ஒரு படைப்பை உருவாக்க நினைத்தால், ராகத்தையும் அசைவையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே, நட்டுவனார் செய்துவந்த வேலையை இனி யார், எப்படிச் செய்யப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடும் குழுக்களில் இசை ஒரு பக்கமும் நடனம் இன்னொரு பக்கமும் ஓட, பார்ப்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் பார்த்த களைப்புதான் மிஞ்சும்.

இந்த ஏற்பாடுகள் என்றுமே ஒரே மாதிரி இருந்தவை அல்ல. ஒரு காலத்தில் ஆடுபவரின் பின்னால் நின்று, அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்தே வாசித்த கலைஞர்களை மேடையோரத்தில் அமரச் செய்ததில் 1930-களில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவிக்குப் பெரும் பங்கு உண்டு. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்று 1952-இல் அரங்கேறிய சந்திரலேகா, 1985-இல் ‘அங்கிகா’வில் கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றின் அசைவுகளையும், பரதத்தின் அடிப்படை ஆட்ட அலகுகளான அடவுகளையும் அருகருகே வைத்தார், 2001-இல் வந்த ‘சரீரா’வில் துருபத் என்ற இந்துஸ்தானி வகைப் பாட்டை வைத்துக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக இருவரின் உடல்களை மிக மெதுவாக விரியச் செய்தார். அதில் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு என்ற கணக்கு இல்லை. இசையும் உடலும் ஒரே பொறுமையைப் பகிர்ந்துகொண்டன. சென்னையில் இந்த வழியில் முயல்பவர்களுக்கு அது இன்றும் நல்ல பாடம்.

யாரைச் சேர்ப்பது, முதலில் என்ன செய்வது

முதல் முயற்சிக்கு இசைப் பக்கத்தில் மூவர் போதும்: ஒரு பாடகர், ஒரு வயலின் கலைஞர், ஒரு மிருதங்கக் கலைஞர். கடம், கஞ்சிரா, புல்லாங்குழல் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒலி நிறையும். ஆனால் ஒருவரையொருவர் கவனிக்கும் கண்களும் காதுகளும் சிதறும். மிகப் பிரபலமான வித்வான் கிடைக்கிறார் என்பதற்காக அவரை அழைப்பதைவிட, ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கக்கூடியவரை அழைப்பது நல்லது. கச்சேரி செய்பவர்களுக்கு நீண்ட ஒத்திகை பழக்கமில்லை. அவர்களுடைய தயாரிப்பு தனிச் சாதகத்தில் நடக்கிறது. மேடையில் சந்திக்கும்போதுதான் அது ஒன்று சேர்கிறது. நடனக் கலைஞர்களோ ஒரே பகுதியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்கள். இந்த வேறுபாட்டை முதல் நாளே வெளிப்படையாகப் பேசி, எத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மார்கழியில் பாடகரோ பக்கவாத்தியக்காரரோ கிடைக்க மாட்டார்கள் என்பதையும் நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவிடலாம்.

முதல் சந்திப்புகளில் எதையும் உருவாக்க முயல வேண்டாம். நடனக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து கையால் தாளம் போடக் கற்றுக்கொள்ளட்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும், ‘தகிட தகதிமி’ என்று நடக்கும் மிஸ்ர சாபுவும், ‘தக தகிட’ என்று நடக்கும் கண்ட சாபுவும் வாயிலும் கையிலும் படிந்த பிறகுதான் ஆவர்த்தனம் என்ற தாளச் சுற்று உடலுக்குப் புரியும். எட்டு எட்டாக எண்ணிப் பழகிய நடனக் கலைஞருக்கு ஆதி தாளம் எளிது என்று தோன்றும். பாட்டு தாளச் சுற்றின் முதல் அடியான சமத்தில் தொடங்காமல் அரை அட்சரமோ முக்கால் அட்சரமோ தள்ளி எடுக்கும்போதுதான், எண்ணிக்கையும் எடுப்பும் வேறு வேறு என்பது தெரியவரும்.

அதே நாளில் இசைக்கலைஞர்களும் எழுந்து நிற்க வேண்டும். தரையில் ஒருமுறை உருண்டு பார்க்கட்டும். சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து அமரட்டும். நின்ற நிலையிலிருந்து தரைக்கு இறங்கி மறுபடி எழுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தன் உடலிலேயே உணர்ந்த மிருதங்கக் கலைஞர், பிறகு நடனக் கலைஞரை அவசரப்படுத்த மாட்டார். கை வேகமாக வாசிக்கலாம், குரல் வேகமாகப் பாடலாம். உடல் தரையை நோக்கி விழுகிற வேகத்தை, பாட்டின் வேக அளவான காலப்பிரமாணம் மாற்ற முடியாது.

வயலினிடம் கற்க வேண்டியது

நட்டுவனாரின் காலியான அந்த இருக்கைக்குக் கர்நாடக இசைக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆலாபனையில் பாடகர் அடுத்து எந்தப் பிடியை, அதாவது ராகத்தின் எந்தச் சிறு தொடரை, பாடப்போகிறார் என்பது வயலின் கலைஞருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு கணம் பின்னால் நின்று, அந்தப் பிடியின் போக்கை நிழல்போலத் தொடர்கிறார்; பாடகர் நிறுத்தியதும் அதன் முடிவைச் சற்று நீட்டிக் கொடுத்து, அடுத்ததற்கு இடம் விடுகிறார். பின்னர் தன் முறை வரும்போது அதே ராகத்தைத் தன் வழியில் சொல்கிறார். யாரும் கையசைத்துக் குறிப்புக் கொடுப்பதில்லை. பழக்கத்தாலும் கவனத்தாலும் மட்டுமே இது நடக்கிறது.

நடனக் கலைஞர்களுக்கு இந்தப் பயிற்சியை வயலின் கலைஞரே கற்றுத் தரலாம். பாடகர் ஒரு பிடி பாடுகிறார். ஆடுபவர் அதனோடு கூடவே அசையாமல், அது முடிந்த பின் அதன் வடிவத்தை உடலில் சொல்கிறார். அடுத்த கட்டத்தில் இடைவெளியைக் குறைத்து, வயலின் தொடர்வது போலவே சற்றுப் பின்னால் தொடர்கிறார். அதற்கடுத்து ஆடுபவர் முன்னால் போக, பாடகர் தொடர்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் பாடகர்களுக்குக் கடினம், ஏனெனில் கச்சேரியில் அவர்கள் யாரையும் தொடர்ந்து பழகியதில்லை. இந்த மூன்றும் கைகூடிய பிறகு, இசைக்கு ஏற்ப அசைவது என்ற ஒரே உறவு மட்டும் இருந்த இடத்தில் பல உறவுகள் கிடைத்துவிடும்: கூடச் செல்வது, பின்தொடர்வது, முந்துவது, எதிர்த்து நிற்பது, கேட்டும் அசையாமல் இருப்பது.

எந்த இசையை எடுப்பது

பெரும்பாலான குழுக்கள் தாளவாத்தியத்தின் தனி வாசிப்பான தனி ஆவர்த்தனத்தையோ தில்லானாவையோதான் முதலில் நாடுகின்றன, ஏனென்றால் அவற்றில் ஆட்டத்துக்கு ஏற்ற துடிப்பு வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் அந்தத் துடிப்பு கேட்பவரின் மனத்தில் அடவுகளை உடனே கொண்டுவந்துவிடும். சமகால அசைவு அதற்கு முன் வலுவிழந்து தெரியும். என்னைக் கேட்டால் தானம் பாடச் சொல்லுங்கள் என்பேன். தானத்தில் தாளச் சுழற்சி இல்லை. ஆனால் உள்ளே ஓடும் ஒரு நடை உண்டு. ‘ஆனந்தம்’, ‘நம்தம்’ என்ற அசைகள் எங்கும் சமத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயமின்றி முன்னேறுவதால், ஆடுபவருக்குத் துடிப்பும் கிடைக்கிறது, எண்ணிக்கையிலிருந்து விடுதலையும் கிடைக்கிறது.

ஆலாபனையைப் பயன்படுத்தும்போது ராகத் தேர்வு முக்கியம். தோடியில், ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகங்களின் அசைவில் ஸ்வரங்கள் எங்கே நிற்கின்றன என்பது பழகாத காதுக்குப் பிடிபடாது. மோகனம், ஹம்ஸத்வனி போன்ற ஐந்து ஸ்வர ராகங்களில், பாடகர் காந்தாரத்தில் நிற்கிறார், பஞ்சமத்துக்கு வந்துவிட்டார், தார ஸ்தாயி ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டார் என்பதை நடனக் கலைஞர்கள் சில வாரங்களில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இப்படி நிற்கும் ஸ்வரங்களே குறிப்புகளாக இருக்கட்டும். “மூன்றாம் நிமிடத்தில் இடப்பக்கம் போ” என்று எழுதுவதைவிட, “பாடகர் முதன்முதலாகத் தார ஸட்ஜத்தில் நீண்டு நின்று கார்வை பிடித்ததும் இடப்பக்கம் போ” என்று எழுதினால், பாடகருக்குத் தன் ஆலாபனையை அன்றைய மனநிலைக்கேற்ப விரிக்கும் சுதந்திரம் இருக்கும். ஆடுபவரும் வழி தவற மாட்டார்.

பாட்டின் சொற்களான சாகித்யம் இன்னும் கவனம் கேட்கும் விஷயம். தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தமிழர் முன்னால் பாடினால், ஆடுபவர் அபிநயம் செய்யாவிட்டாலும் பார்ப்பவர்கள் சொல்லுக்குப் பொருள் தேடுவார்கள். பக்திப் பாடலைப் பின்னணி ஒலியாக மட்டும் வைப்பது பாடுபவரையும் கேட்பவரையும் புண்படுத்தலாம். ஒரு கீர்த்தனையை எடுப்பதானால் அதன் பொருளைக் குழு முழுவதும் உட்கார்ந்து படித்து, அந்தப் பொருளோடு நடனம் என்ன உறவு கொள்கிறது என்பதைப் பாடகர் ஒப்புக்கொள்ளும் வகையில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது முடியாவிட்டால் சாகித்யத்தை விட்டுவிட்டு ராகம், தானம், நிரவலாக விதவிதமாய் விரித்துப் பாடத்தக்க ஒரே ஒரு வரி என்று சுருக்கிக்கொள்வது நேர்மையானது.

மௌனத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். சமகால நடனத்தில் ஒலியே இல்லாத பகுதிகள் இயல்பானவை. மூச்சும் பாதம் தரையில் உரசுவதுமே அங்கே இசை. கர்நாடக மேடையில் பாட்டு நின்றாலும் தம்புரா நிற்பதில்லை. ஆகையால் தம்புராவை அல்லது சுருதிப் பெட்டியை எப்போது நிறுத்துவது என்பது தற்செயலாக நடக்கக் கூடாத முடிவு. பல நிமிடங்கள் காதில் நிறைந்திருந்த சுருதி சட்டென்று அற்றுப்போகும்போது அரங்கத்தின் காற்றே மாறுவதைப் பார்வையாளர்கள் உணர்வார்கள். முழுப் படைப்பிலும் ஒரே ஒரு முறை அதைச் செய்தால் போதும்.

ஒரு கோர்வையை அவிழ்த்துப் பார்த்தல்

தாளக்கட்டுள்ள பகுதிகளில் இசையும் நடனமும் எப்படிப் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு கோர்வை என்ற தாள முடிப்பிலிருந்து மிக எளிய உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். ஆதி தாளம், சதுஸ்ர நடை, அதாவது ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை. ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரைகள். ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியாகக் கார்வை விட்டால் 5+2+5+2+5 என்று 19 மாத்திரைகள் ஆகின்றன. சமத்தில் முடிய வேண்டுமென்றால் ஆவர்த்தனத்தில் 13 மாத்திரைகள் கழிந்த பின் தொடங்க வேண்டும். இது எந்த மிருதங்கக் கலைஞருக்கும் கைவந்த கணக்கு.

இதை ஆடுபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஒரு மாத்திரை கால் நொடி. இரண்டு மாத்திரைக் கார்வை அரை நொடி. சொல்லுக்குச் சொல் காலைத் தட்டினால் அது அடவாகிவிடும். மாறாக, சொல் ஒலிக்கும்போது அசையாமல் நின்று கார்வையில் மட்டும் அசையலாம் என்று ஆடுபவர் நினைத்தால், அரை நொடியில் தலையைத் திருப்பலாம், தோளைத் தளர்த்தலாம், அவ்வளவுதான். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிச் சரியவேண்டுமென்றால் ஒரு நொடியாவது வேண்டும். அப்போது மிருதங்கக் கலைஞர் கார்வையை நான்கு மாத்திரையாக்குகிறார்: 5+4+5+4+5, மொத்தம் 23, தொடக்கம் 9 மாத்திரை கழிந்த பின். உடலின் தேவை கணக்கை மாற்றியது. கணக்கு உடலுக்கு நின்று அசையும் இடத்தைக் காட்டியது. கூட்டுப்படைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு முழு மாலை ஒத்திகையை இந்த ஒரு கோர்வைக்கே செலவிட்டாலும் அது வீணாகாது.

ஒத்திகைப் பதிவுகளின் ஆபத்து

இசைக்கலைஞர்கள் வராத நாட்களில் கைபேசியில் பதிவு செய்ததைப் போட்டுக்கொண்டு ஆடிப் பழகுவது எல்லாக் குழுக்களிலும் உண்டு. ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஆடுபவரின் உடல் அந்த ஒரு நாளின் ஆலாபனைக்குக் கட்டுப்பட்டுவிடும். மேடையில் பாடகர் வேறு விதமாகப் பாடும்போது அது தவறு என்றுகூடத் தோன்றும். வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று நான்கு பதிவுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சில நாட்கள் தம்புரா ஒலியோடு மட்டும், சில நாட்கள் எதுவுமில்லாமல் ஆடிப் பாருங்கள்.

காலப்பிரமாணம் ஏறுவதையும் கவனிக்க வேண்டும். மேடையின் உற்சாகத்தில் நிமிடத்துக்கு 60 அட்சரம் என்பது 63 ஆகிவிட்டால், எட்டு நிமிடப் பகுதி ஏறக்குறைய 23 நொடி முன்னதாக முடிந்துவிடும். கச்சேரியில் யாருக்கும் அது உறைக்காது. ஆனால் அந்த 23 நொடியில்தான் ஆடுபவர் மூச்சு வாங்கி அடுத்த பகுதிக்கான இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். இதைக் காக்கும் பொறுப்பை மிருதங்கக் கலைஞரிடம் வெளிப்படையாக ஒப்படைத்துவிடலாம். பகுதி தொடங்கும்போது நடனக் கலைஞர்களில் ஒருவரின் நடையைப் பார்த்து அவர் காலத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மேடை, தரை, ஒலி

கச்சேரி அமைப்பை அப்படியே கொண்டுவந்து மேடையோரத்தில் வைத்தால், பக்கவாட்டில் திரும்பி அமரும் மிருதங்கக் கலைஞருக்கு ஆடுபவர்கள் தெரியாமல் போகலாம். மூவரையும் வில்போல் வளைந்த அமைப்பில் உட்காரவைத்து, மிருதங்கக் கலைஞருக்கு ஆடுதளத்தின் பாதங்கள் தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் ஆடுதளத்தை நோக்கி அமர்வதானால், பார்வையாளருக்கு இடப்புறம் இடம் கொடுங்கள். அப்போது மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை பார்வையாளரை நோக்கியிருக்கும். ஒலிபெருக்கி இல்லாத சிறிய கூடத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே கேட்கும்.

ஓரத்தில்தான் அமர வேண்டும் என்பதும் இல்லை. 2018-இல் ஏதென்ஸில் முதன்முதலாக நிகழ்ந்த, பிரிட்டிஷ் நடனக் கலைஞர் அக்ரம் கானின் ‘ஸீனோஸ்’ படைப்பில், பார்வையாளர்கள் அரங்கில் நுழையும்போதே ஆதித்ய பிரகாஷ் பாட, பி.சி. மஞ்சுநாத் தாளவாத்தியம் வாசிக்க, இருவரும் மேடையில் அமர்ந்திருந்தார்கள். பின்னர் இசைக்கலைஞர்கள் மேடையின் பின்புறம் உயரத்தில், மெல்லிய திரைக்கப்பால், வெளிச்சம் படும்போது மட்டும் தெரிந்தார்கள். இசைக்கலைஞர் பார்வையாளருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதும் நடன அமைப்பின் ஒரு பகுதி என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

சமகால நடனத்துக்குப் பெரும்பாலும் வினைல் விரிப்பு போடுவார்கள். இசைக்கலைஞர்களின் மேடைத்திட்டு அந்த விரிப்பின்மேல் நிற்கக் கூடாது. விரிப்பு இழுபட்டுச் சுருங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூசும் ரவைப் பசை காய்ந்து உதிர்ந்தால் சிறு துகள்கள் வெறுங்காலிலும் முழங்காலிலும் குத்தும். பசை பூசுவதையும், கல்லும் கட்டையும் கொண்டு சுருதி சேர்ப்பதையும் ஆடுதளத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, நிகழ்ச்சிக்கு முன் தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். விளக்குகளின் சூடும் குளிர்சாதனக் காற்றும் தோலின் இறுக்கத்தை மாற்றிவிடுவதால், விளக்குகள் முழுவதும் எரியும் நிலையில் சுருதி சேர்க்க நேரம் ஒதுக்குங்கள். தசைகள் விறைத்துவிடும் என்று நடனக் கலைஞர்கள் குளிரைக் குறைக்கச் சொல்வார்கள். எந்த அளவு என்பதை முன்னதாகவே பேசி நிலைநிறுத்திவிடலாம்.

ஒலிப்பொறியாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆடுபவர்களுக்குக் கேட்கும்படி பக்கவாட்டில் மானிட்டர் ஒலிபெருக்கிகள் வேண்டும், இல்லாவிட்டால் மேடையின் பின்புறம் போனதும் அவர்களுக்குப் பாட்டு மங்கிவிடும். தரையின் ஒலியையும் மூச்சையும் பிடிக்கத் தரையோரம் ஒன்றிரண்டு மைக்குகள் வேண்டும். மொத்த ஒலியளவு கச்சேரிக்கு வைப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆடுபவரின் பாதம் கேட்காத அளவுக்குப் பாட்டு உயர்ந்தால், இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்ற உணர்வே போய்விடும்.

சன்மானமும் உரிமையும்

நிகழ்ச்சிக்குச் சன்மானம் பேசுவது போலவே ஒவ்வொரு ஒத்திகைக்கும் தனியாகப் பேச வேண்டும். படைப்பில் உருவான கோர்வை, பல்லவி வரி, அசைவுத் தொடர் ஆகியவை யாருடையவை, குழுவில் ஒருவர் மாறினால் மற்றவர்கள் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்புக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். நட்பைக் காப்பாற்றுவதே இந்த எழுத்துதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி பாடகர், வாத்தியக் கலைஞர், நடனக் கலைஞர் ஆகிய அனைவருக்கும் தங்கள் நிகழ்ச்சியின்மீது நிகழ்த்துநர் உரிமை உண்டு. அது நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் நிற்கும். எனவே காணொளியை இணையத்தில் ஏற்றுவதற்கு எல்லாருடைய ஒப்புதலும் தேவை. நடன அமைப்பும் எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருந்தால் நாடகப் படைப்பு என்ற வகையில் பாதுகாப்புப் பெறும். அதனால் இறுதி ஒத்திகையை ஒருமுறையாவது முழுமையாகப் படம்பிடித்து, தேதியிட்டு, குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பாடல்களில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகியோரின் கீர்த்தனைகளுக்கு அனுமதி தேவையில்லை. ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுகள் நிறையாத பாடல்களுக்கு நிலைமை வேறு: 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு இந்தக் காலம் 2033-ஆம் ஆண்டின் இறுதியில்தான் முடிகிறது. அத்தகைய பாடலை எடுப்பதானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியை நிகழ்ச்சி அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பெற்று, ஒப்பந்தத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.